நடக்க வேண்டியது யார்?

முதியோர் பராமரிப்பு, மின்னணுத் தொழில்நுட்பம் ஆகிய இரண்டையும் இணைத்து இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் எழுதலாமா என்ற தயக்கம் எனக்கு இருந்தது. அத்தயக்கத்தைப் போக்கியவர் ஒரு சங்கப் புலவர். புறநானூற்றின் 243-ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இளமையில் மரக்கிளையேறி ஆழ்நீரில் குதித்து மணலள்ளி வந்ததை நினைத்து ஏங்கும் அந்த முதியவர், தம் கையிலிருக்கும் ஊன்றுகோலைப் பூண் கட்டிய தலையையுடைய பெரிய கோல் என்று குறிப்பிடுகிறார். அந்தத் தொடரே பெயராகி அவர் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார்.

வகுப்பில் இப்பாடலை நடத்தும்போதெல்லாம் கழிந்த இளமைக்கான இரங்கல் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே என் வழக்கமாக இருந்தது. சில ஆண்டுகளாக அந்தக் கோலைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். முதுமைக்கென மனிதன் செய்துகொண்ட பழங்கருவிகளுள் ஒன்று அது. முதியவர் செல்லும் இடமெல்லாம் கோலும் செல்கிறது. அவர் யாரென்று அது கேட்பதில்லை. அவர் உயிரோடிருப்பதற்குச் சான்று கேட்பதில்லை. இன்று போய் நாளை வா என்று சொல்வதுமில்லை.

இன்று முதியோருக்கென நாம் செய்துவைத்திருக்கும் கருவிகள் பலவும் இம்மூன்றையும் தவறாமல் செய்கின்றன. ஆகவே இக்கட்டுரையில் ஒரே ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். ஒரு தொழில்நுட்பம் முதியோருக்கு உதவுகிறதா இல்லையா என்பதை அறிய அதன் விலையையும் வேகத்தையும் ஆராய வேண்டியதில்லை. அது வந்த பிறகு நடப்பது யார் என்று பார்த்தால் போதும். முதியவர் கருவியைத் தேடி நடந்தால் அங்கே நிகழ்வது கண்காணிப்பு. கருவியை எடுத்துக்கொண்டு ஒருவர் முதியவரைத் தேடி நடந்தால் அதற்குப் பெயர் பராமரிப்பு.

* * *

கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. ஒருமுறை ஏழு நாள் சிறப்பு முகாமுக்காகப் பண்ருட்டி வட்டாரத்தில் ஒரு சிற்றூரில் தங்கியிருந்தோம். முந்திரி விளையும் மண் அது. முந்திரிக்கொட்டை உடைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கும். ஆண்டுக்கணக்கில் அவ்வேலை செய்தவர்களின் விரல் நுனிகள் வெந்து, உரிந்து, வழவழப்பாகிவிடுகின்றன.

மூன்றாம் நாள் காலை, முதியோர் உதவித்தொகை வழங்குவதற்காக ஒரு வங்கியின் முகவர் கைரேகைக் கருவியோடு வந்து நாங்கள் தங்கியிருந்த பள்ளியின் தாழ்வாரத்தில் அமர்ந்தார். இருபது முப்பது முதியவர்கள் காத்திருந்தார்கள். எழுபதைக் கடந்த ஒரு பாட்டியின் முறை வந்தது. விரலை வைத்தார். கருவி ஏற்கவில்லை.

"ரேகை விழல ஆயா. கையக் கழுவிட்டு வா."

கழுவி, முந்தானையில் துடைத்து, விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப்பசை ஏற்றிக்கொண்டு மறுபடி வைத்தார். என் மாணவி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த விரலை வச்சுப் பாருங்க பாட்டி" என்று ஒவ்வொரு விரலாகப் பிடித்து வைத்தாள். பத்து விரலும் முடிந்தன. முகவர் அவரை மறுநாள் வரச் சொன்னார். அந்தப் பாட்டி என்னைப் பார்த்துச் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "நாந்தான் இதுன்னு ஊருக்கே தெரியுது சாரு. இந்தப் பொட்டிக்குத்தான் தெரியல."

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே கதை. நான்காம் நாள் அந்த மாணவியின் துணையோடு பண்ருட்டியிலுள்ள வங்கிக் கிளைக்குச் சென்று, மேலாளரிடம் மன்றாடி, பணத்தைப் பெற்றுவந்தார். அப்போது மாத உதவித்தொகை ஆயிரம் ரூபாய். அதில் ஆட்டோவுக்குப் போனது போக, நான்கு நாள் கொட்டை உடைக்கும் கூலியும் போயிற்று.

இதில் யாரும் கொடியவர் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். முகவர் அன்பாகத்தான் பேசினார். அவருக்குக் கிடைப்பது தரகுத்தொகை. கருவி ஏற்றுக்கொண்டால்தான் அதுவும். மேலாளரும் உதவினார். எல்லோரும் நல்லவர்களாக இருந்தும் எழுபது வயது கடந்த ஒரு பெண் நான்கு நாள் அலைந்தார் என்றால், குற்றம் அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

* * *

முதியோர் உதவித்தொகை நம் மாநிலத்திற்குப் புதிதன்று. அன்றைய சென்னை மாநிலத்தில் 1962-இல் அது தொடங்கியது. மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15 அன்று தன் தேசியத் திட்டத்தை மாதம் 75 ரூபாயோடு தொடங்கியது. பின்னர் 60 முதல் 79 வயது வரையிலானோருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய் என்றும், 80 வயதைக் கடந்தோருக்கு 500 ரூபாய் என்றும் ஆயிற்று. கருவிகள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன. அந்த 200 ரூபாய் பத்தாண்டுகளுக்கும் மேலாக அசையாமல் இருந்தது. தமிழக அரசு தன் பங்கைச் சேர்த்து 2011-இல் ஆயிரமாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் வழங்கியது.

நீண்ட காலம் இத்தொகை பணவிடையாக வந்தது. அஞ்சல்காரர் வீட்டு வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் தம் பங்கிற்குப் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ எடுத்துக்கொண்ட ஊர்கள் உண்டு. இறந்தவர் பெயரில் பணம் வந்துகொண்டிருந்த கதைகளும் உண்டு. அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் விரும்பவில்லை. ஆயினும் ஒரு செய்தியை மறந்துவிடக் கூடாது. மாதம் ஒருமுறை அரசின் ஊழியர் ஒருவர் தனியாக வாழும் முதியவரின் வாசலுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்தார். படுத்த படுக்கையாகக் கிடந்தால் அது அவருக்குத் தெரிந்தது. அடுப்பு எரியாமல் கிடந்தால் அதுவும் தெரிந்தது. அது எந்த அரசாணையிலும் எழுதப்படாத பராமரிப்பு.

வங்கிக் கணக்கு, ஆதார், கைரேகை என்று ஏற்பாடு மாறியபோது இருபது ரூபாய்க் கையூட்டு குறைந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் வாசலுக்கு வந்த அந்த மனிதரும் நின்றுபோனார். இலாபக் கணக்கில் முதலாவதை எழுதினோம். இரண்டாவதை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

விரல் ரேகை தேயும் என்பது அரசுக்குத் தெரியாத செய்தியா? தெரியும். கைரேகை தவறினால் கண்ணின் கருவிழியைப் பார்க்கலாம், கைப்பேசிக்குக் கடவுச்சொல் அனுப்பலாம், அவையும் தவறினால் ஆவணத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு உரியதை வழங்கிவிட வேண்டும் என்று மத்திய அமைச்சரவைச் செயலகம் 2017 டிசம்பரிலேயே சுற்றறிக்கை அனுப்பியது. ஆதார்ச் சட்டத்தைப் பெரும்பான்மையாக ஏற்றுக்கொண்ட 2018 செப்டம்பர் 26-ஆம் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும், சரிபார்ப்புத் தவறியதால் தகுதியுடையோர் விலக்கப்பட்டுவிடக் கூடாது என்ற கவலை பதிவாகியிருக்கிறது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சந்திரசூட், மனிதரின் மாண்பும் உரிமையும் நிகழ்தகவுக் கணக்குகளைச் சார்ந்திருக்கலாகாது என்ற கருத்தை வன்மையாக முன்வைத்தார்.

சுற்றறிக்கை தில்லியில் இருக்கிறது. பள்ளித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த முகவரிடம் பதிவேடு இல்லை. அவரிடம் இருந்தது ஒரு பெட்டி; அது சொன்னது ஒரே சொல். விதிவிலக்கைத் தாளில் எழுதிவிட்டு விதியை மட்டும் கருவிக்குள் வைத்தால், ஊரில் ஆள்வது கருவிதான்.

* * *

இனி என் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

என் தந்தையார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் மறைவுக்குப் பின் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுதோறும் நேர்காணலுக்குக் கருவூலத்துக்குச் சென்று உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது பழைய நடைமுறை. 2014 நவம்பர் 10 அன்று மத்திய அரசு 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு உயிர்வாழ் சான்றினைக் கொண்டுவந்தது. 2020 முதல் அஞ்சல்துறையின் வங்கி இச்சான்றினை வீட்டுக்கே வந்து பதிவு செய்து தருகிறது. 2021 நவம்பரில் முகத்தைப் படம்பிடித்தே சரிபார்க்கும் வசதி வந்தது. தமிழக அரசின் ஓய்வூதியர்களுக்கும் 2022 முதல் வீட்டு வாசலில் இச்சேவை கிடைத்தது. கட்டணம் 70 ரூபாய்.

எங்கள் வீட்டுக்கு அஞ்சல்காரர் வந்தார். அம்மா கூடத்து நாற்காலியில் அமர்ந்திருந்தார். கைப்பேசியும் கைரேகைக் கருவியும் அவர் மடிக்கு வந்தன. முதல் விரல் ஏற்கவில்லை. அடுத்த விரல் ஏற்றது. ஐந்தே நிமிடம். அஞ்சல்காரர் மோர் குடித்துவிட்டுச் சென்றார். தொழில்நுட்பத்தை அன்று நான் மனமார வாழ்த்தினேன்.

பிறகுதான் அந்த முந்திரிக்காட்டுப் பாட்டி நினைவுக்கு வந்தார். அதே ஆதார், அதே கைரேகைக் கருவி, ஏறத்தாழ அதே வயது. மாதம் பல ஆயிரம் பெறும் என் அம்மாவுக்குக் கருவி நடந்து வந்தது. மாதம் ஆயிரம் பெற்ற அவர் கருவியைத் தேடி நான்கு நாள் நடந்தார். தொழில்நுட்பத்திற்குச் சாதி, வகுப்பு, நகரம், சிற்றூர் என்ற வேறுபாடு தெரியாது என்று சொல்பவர்களைக் கேட்கிறேன்: அது தெரியாமலா இப்படி ஆள் பார்த்து நடக்கிறது? வீடு தேடிச் செல்வதற்கு வேண்டிய கருவி இருக்கிறது, ஆளும் இருக்கிறார். யாருக்காகச் செல்வது என்ற முடிவு மட்டும் மனிதர்கள் எடுத்தது.

* * *

என் கருத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் மறுப்பு வரும் என்று அறிவேன்.

முதல் மறுப்பு நிர்வாகத்தாருடையது. போலிப் பயனாளிகளைக் களையச் சரிபார்ப்பு வேண்டாமா என்பார்கள். வேண்டும். பொதுப்பணம் இறந்தவர் பெயரில் போகலாகாது. ஆனால் சரிபார்ப்பது யாருடைய கடமை? ஐயம் அரசுக்கு வந்தால் அதைத் தீர்த்துக்கொள்ள அரசுதான் நடக்க வேண்டும். பணத்தை முதலில் நிறுத்திவிட்டு, பாதிக்கப்பட்டவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்து தாம் சாகவில்லை என்று மெய்ப்பிக்கட்டும் என்பது நீதியன்று. இறந்த ஒருவர் பெயரில் ஒரு மாதம் கூடுதலாகப் போன தொகையைப் பின்னர் மீட்க வழியுண்டு. உயிரோடிருக்கும் ஒருவர் உண்ணாமல் கழித்த மாதத்தை எந்த அரசாணையாலும் மீட்க முடியாது. இரண்டு பிழைகளும் ஒன்றல்ல.

இரண்டாம் மறுப்பு நம்மவர்களிடமிருந்து, அதாவது இலக்கிய அன்பர்களிடமிருந்து வரும். கூட்டுக்குடும்பம் சிதைந்தது, திண்ணை போயிற்று, கைப்பேசி வந்து உறவைத் தின்றது, முதியோரை இயந்திரத்திடம் ஒப்படைப்பதே பாவம் என்று உருக்கமாக எழுதுவார்கள். இவ்வகைக் கவிதைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை; நானும் இரண்டொன்று எழுதியிருக்கிறேன். அந்தக் கூட்டுக்குடும்பத்தில் முதியோரைக் குளிப்பாட்டியதும், மலம் எடுத்ததும், இரவில் விழித்திருந்ததும் யார்? மருமகள்கள், கூலியில்லாமல், கேட்பாரில்லாமல். அவர்களின் உழைப்பை நாம் பண்பாடு என்று அழைத்தோம். அந்தப் பெண்கள் இன்று வேலைக்குச் செல்கிறார்கள். இரங்கற்பா எழுதி அவர்களைத் திரும்ப அடுக்களைக்கு அழைக்க முடியாது, அழைக்கவும் கூடாது.

எண்ணிக்கையும் நம்மை அதற்கு விடாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காடு. மத்திய அரசின் வல்லுநர் குழு 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2021-இல் அது 13.6 ஆகவும், 2031-இல் 18.2 ஆகவும் இருக்கும். குடும்பம் மட்டும் இந்தச் சுமையைத் தாங்காது. அரசு தாங்க வேண்டும். அரசு தாங்க வேண்டுமானால் கருவி இல்லாமல் முடியாது. ஆகவே கருவி வேண்டுமா வேண்டாமா என்பது வீண் வாதம்.

* * *

கருவி நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாடு தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பாருங்கள். சுகாதாரத் தன்னார்வலரான பெண் ஒருவர் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார், மாத்திரை தருகிறார், விவரத்தைக் கருவியில் பதிகிறார். இயன்முறைப் பயிற்சியும் வலிதணிப்புப் பராமரிப்பும் தேவைப்படுவோரை அவற்றுக்கான பணியாளர்கள் நாடிச் செல்கிறார்கள். ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதை 2024-இல் இத்திட்டம் பெற்றது. இங்கேயும் கணினி உண்டு, தரவு உண்டு. ஆனால் அத்தரவைச் சுமந்து நடப்பவர் நோயாளி அல்லர்.

நியாயவிலைக் கடைக் கைரேகைக் கருவியை முதியோர் எவ்வளவு வைதார்கள் என்பதை நாம் அறிவோம். 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கப்பட்ட தாயுமானவர் திட்டத்தில் அதே கருவி எடைத்தராசோடு வண்டியில் ஏறி, எழுபது வயதைக் கடந்தோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வாசலுக்குச் சென்றது. திசை ஒன்றை மாற்றியதும் காவற்காரன் உதவியாளனாகிவிட்டான். என் வாதத்திற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அண்டையிலுள்ள கேரளம் இரண்டு பாடங்களையும் ஒருசேரக் கற்பிக்கிறது. அங்கே வலிதணிப்புப் பராமரிப்புக்கென 2008-இலேயே மாநிலக் கொள்கை வகுத்தார்கள். செவிலியர் வீடு தேடிச் செல்வது அதன் உயிர்நாடி. 2016 முதல் கூட்டுறவுச் சங்க ஊழியர்கள் சமூகநல ஓய்வூதியத்தை வீட்டுக்கே கொண்டுசென்று தந்தார்கள். அதே மாநிலம் 2019-இல் ஓய்வூதியர்கள் அட்சயா மையங்களுக்கு வந்து விரல் வைக்க வேண்டும் என்று அறிவித்தபோது வாசலில் முதியோர் வரிசை நீண்டது. படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்கு மட்டும் ஆள் சென்றார். ஒரே அரசு, பணம் தரும்போது தான் நடந்தது, ஐயம் வந்தபோது முதியோரை நடக்கவிட்டது.

* * *

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கருவி வீட்டுக்கு வந்தால் போதும், கூட ஒரு மனிதர் வர வேண்டியதில்லை என்று எண்ணிய நாடுகளும் உண்டு. அவற்றின் அனுபவம் நமக்குப் பயன்படும்.

முதியோர் மிகுந்த ஜப்பான் 2000-ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. ஆட்பற்றாக்குறையைத் தீர்க்க இயந்திர மனிதர்களை உருவாக்கப் பெரும்பொருள் செலவிட்டது. கடல்நாய்க் குட்டி வடிவிலான 'பாரோ' அவற்றுள் புகழ்பெற்றது. ஜேம்ஸ் ரைட் என்ற மானிடவியலாளர் ஜப்பானிய முதியோர் இல்லத்தில் தங்கி இவற்றை ஆராய்ந்து 2023-இல் ஒரு நூல் வெளியிட்டார். தூக்கிவிடும் இயந்திரத்தை அறைக்கு அறை தள்ளிச் செல்லவும், துடைத்து வைக்கவும், இயந்திரத்தோடு இருக்கும் முதியவரைக் கவனிக்கவும் ஊழியருக்குக் கூடுதல் வேலைதான் சேர்ந்தது என்பது அவர் கண்டது. வேலையைக் குறைக்க வந்த கருவி வேறு வேலையைப் பெற்றெடுத்தது.

பிரிட்டனில் தனியாக வாழும் முதியோர் கழுத்தில் ஒரு பொத்தானைத் தொங்கவிட்டிருப்பார்கள். விழுந்தால் அழுத்தலாம், தொலைபேசிக் கம்பி வழியே உதவி மையத்துக்குச் செய்தி போகும். அங்கே இருபது இலட்சத்துக்குச் சற்றுக் குறைவானோர் இதை நம்பி வாழ்கிறார்கள். பழைய செப்புக்கம்பித் தொலைபேசியை நிறுத்தி இணையவழிக்கு மாற்றும்போது பொத்தான்கள் சில வேலை செய்யாமல் போயின. மின்சாரம் நின்றால் இணையவழித் தொலைபேசியும் நின்றுவிடும் என்பது வேறு. கடும் பாதிப்புகள் நேர்ந்த பின்னர், 2023 டிசம்பரில் தொலைபேசி நிறுவனங்கள் அரசோடு ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட்டன. 2025 என்றிருந்த கெடு 2027 ஜனவரிக்குத் தள்ளிப்போயிற்று. ஒரு பொத்தானின் மதிப்பு, மறுமுனையில் எழுந்து வர ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது.

* * *

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்ற கேள்வியை நானே கேட்டுக்கொள்கிறேன்.

நான் பணியாற்றும் ஊருக்கும் அம்மா இருக்கும் ஊருக்கும் நான்கு மணி நேரப் பயணம். ஊரைவிட்டு வர அவர் ஒப்பவில்லை. மூன்றாண்டுகளுக்கு முன் வீட்டுக் கூடத்தில் ஒரு கேமரா பொருத்தினேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலெல்லாம் இப்போது இது உண்டு. அம்மாவிடம் நான் அனுமதி கேட்கவில்லை. உங்கள் பாதுகாப்புக்குத்தான் அம்மா என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் கூடத்தில் சேலையைத் தளர்த்திக் காற்று வாங்க உட்காருவதில்லை என்பதைப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் அறிந்தேன்.

ஒரு பிற்பகல், வகுப்புகளுக்கிடையே கைப்பேசியில் பார்த்தபோது அம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு வகுப்பு முடித்து வந்து பார்த்தேன். அதே இடம், அதே இருப்பு. தொலைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை அழைத்தேன். அவர் ஓடிச் சென்று பார்த்தார். கால் மடங்கி உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. தொலைபேசி எட்டாத இடத்தில் இருந்தது. அந்தக் கேமரா ஒரு மணி நேரம் அவரைத் தெளிவாகக் காட்டிக்கொண்டிருந்தது. தூக்கி உட்கார வைத்தவர் அக்கா.

என் சோதனையை என் வீட்டின் மேலேயே வைத்துப் பார்க்கிறேன். அந்தக் கருவி வந்த பிறகு யார் நடந்தார்கள்? நான் நடக்கவில்லை. மாதம் இருமுறை ஊருக்குச் சென்றுகொண்டிருந்தவன், கேமரா வந்த பிறகு மாதம் ஒருமுறை சென்றேன். பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம் என்ற நிறைவு எனக்குப் போதுமானதாக இருந்தது. தமிழில் 'பார்த்துக்கொள்' என்ற ஒரே சொல் காண்பதையும் பேணுவதையும் குறிக்கிறது. நான் முதற்பொருளைச் செய்துவிட்டு இரண்டாவதையும் செய்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். அரசு செய்வதும் இதைத்தான். அதைச் சாடும் நான் அதிலிருந்து தப்பியவன் அல்லன்.

* * *

சாடுவதோடு நில்லாமல், என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இவற்றுக்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

ஒன்று: எழுபது வயதைக் கடந்தோருக்கும் நடக்க இயலாதோருக்கும் உதவித்தொகை வீட்டு வாசலில் தரப்பட வேண்டும். ஓய்வூதியரின் உயிர்வாழ் சான்றுக்காக வீடு தேடி வரும் அஞ்சல்காரரிடம் அதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. கட்டணத்தை அரசு ஏற்க வேண்டும். மாதம் ஆயிரத்துச் சொச்சம் பெறுபவரிடம் எழுபது ரூபாய் கேட்கக் கூடாது.

இரண்டு: கைரேகை தவறினால் அன்றே, அங்கேயே, பதிவேட்டில் எழுதிப் பணமோ அரிசியோ தர வேண்டும். அந்த வழி கருவிக்குள்ளேயே ஒரு பொத்தானாக இருக்க வேண்டும். எந்த ஊரில் எத்தனை முறை கருவி தவறியது என்ற கணக்கை மாதந்தோறும் கிராம சபையில் வைக்க வேண்டும்.

மூன்று: வீட்டுக்கு ஒருவர் நேரில் சென்று பார்க்காமல் எந்த முதியவரின் உதவித்தொகையையும் நிறுத்தக் கூடாது.

நான்கு: முதியோருக்கான சேவை குரலில் கிடைக்க வேண்டும். 2021-இல் நாடு முழுவதற்கும் அறிமுகமான 14567 என்ற கட்டணமில்லா உதவி எண், சாதாரணப் பொத்தான் கைப்பேசியிலும் அழைக்கத்தக்கது. செயலிகள் பத்தைவிட எடுத்துப் பேசும் ஒரு குரல் மேல். அந்த எண் ஒவ்வொரு நியாயவிலைக் கடைச் சுவரிலும் பெரிதாக எழுதப்பட வேண்டும்.

ஐந்து: நடப்பவருக்கு ஊதியம் வேண்டும். வீடு வீடாகச் செல்லும் பெண்களைத் தன்னார்வலர் என்று அழைத்து ஊக்கத்தொகை தருவது, பழைய மருமகளின் உழைப்பைப் பண்பாடு என்று அழைத்ததன் தொடர்ச்சியே ஆகும். கருவிக்கு விலை தருகிறோம், மென்பொருளுக்கு ஆண்டுக் கட்டணம் தருகிறோம். அதைச் சுமக்கும் காலுக்கு மட்டும் சேவை மனப்பான்மையைக் கேட்கிறோம்.

பணம் எங்கே என்பார்கள். நான்கு நாள் அலைந்த பாட்டியின் கூலியும் ஆட்டோக் கட்டணமும் எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இல்லை. அவை இல்லாததால்தான் இன்றைய ஏற்பாடு மலிவாகத் தோன்றுகிறது. செலவு இப்போதும் ஆகிறது; அதைக் கொடுப்பவர் அவர்.

மாறுபட்ட கருத்துடைய நண்பர்கள் எழுதட்டும், கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறேன். ஆனால் அதற்குமுன் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் தெருவிலுள்ள ஒரு பாட்டியோ தாத்தாவோ உதவித்தொகைக்கோ அரிசிக்கோ புறப்படும்போது உடன் சென்று, முடியும்வரை பக்கத்தில் நில்லுங்கள். எத்தனை முறை விரல் வைக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையோடு வாருங்கள், விவாதிப்போம்.